நரம்பில் ஒன்றும் இல்லை

கட்டைவிரல் தோளின் மேட்டில் ஏறி, கழுத்தோரப் பள்ளத்தில் இறங்கி, ஓரிடத்தில் நின்றது. நின்ற இடத்தில் அழுத்தியது. கட்டிலில் குப்புறக் கிடந்த துணிக்கடைக்காரர் பாரூக் காலை உதறினார்.

"அல்லாவே! அது தான் மிஸ், அந்த நரம்பு தான்!"

"நரம்பு இல்ல."

"புடிச்சிக்கொண்டு ஈக்கிற நரம்பு..."

"பாரூக் நானா, நான் செல்றத கேளுங்க. நரம்புக்கு புடிக்கவும் தெரியா, விடவும் தெரியா. அது கரண்ட் கம்பி. சேதி கொண்டு போறது மட்டும் தான் அதுட வேலை. இழுக்கிறது தசை. நீங்க நாள் முழுக்க ஃபோன காதுக்கும் தோளுக்கும் நடுவுல செருகிக்கொண்டு சீலை அளக்கிற. பாடுபடுறது தசை. ஏச்சு வாங்குறது நரம்பு. இது என்ன ஞாயம்?"

பாரூக் தலையணைக்குள் சிரித்தார். பிறகு சமாதானமாகச் சொன்னார்:

"சரி மிஸ். தசை நரம்பு."

கட்டைவிரல் இன்னும் ஆழமாக இறங்கியது.

கண்டியில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் பின்கட்டில், மருந்துக் களஞ்சியத்துக்கும் சலவை அறைக்கும் நடுவே கிடக்கும் நீண்ட அறை சித்தி றலியா என்ற அந்த மிஸ்ஸினுடையது. பிசியோதெரபி என்று கதவில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கிறது. எந்த எழுத்தையும் யாரும் வாசிப்பதில்லை. நோயாளர் வாட்டில் இருப்பவர்கள் 'எக்சைஸ் ரூம்' என்கிறார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் 'மசாஜ் ரூம்' என்கிறார்கள். இரண்டாவது பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்களுக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை.

அறையில் இரண்டு கட்டில், ஒரு கதிரை, மணல் நிரப்பிய சிறு பைகள், கயிறும் கப்பியும், பூட்டாத ஓர் அலுமாரி. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். தோலில்லாத மனிதன். உச்சி முதல் பாதம் வரை சிவப்புச் சிவப்பாக வரிவரியாகத் தசை. அது எலும்பைச் சேரும் இடத்தில் வெள்ளையாக நாண். இடுப்புக்குக் கீழே யாரோ வெட்கப்பட்டுப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். பாரூக் அந்தப் படத்தை 'மாமா' என்று அழைப்பார். மாமா கொஞ்சம் மெலிஞ்சிட்டார், மாமாவுக்குக் குளிராதா என்று விசாரிப்பார். றலியா அதற்குக் கோபிப்பதில்லை. 'சதை' என்று சொன்னால்தான் கோபம். சதை இறைச்சிக் கடையில் தொங்குவது, தசை வேலை செய்வது என்பார். எழுத்தை மாற்றிப் போட்டால் ஆளையே மாற்றிப் போட்டது மாதிரி அவருக்கு.

ஊரில் நரம்பு என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். கையில் ஊசி போட நரம்பு தேடுகிறார்கள். அது இரத்தக் குழாய். கெண்டைக்காலில் நரம்பு இழுக்கிறது, அது தசை. குதிக்காலுக்கு மேலே நரம்பு வீங்கியிருக்கிறது, அது நாண். பரீட்சைக்குப் பயந்த பிள்ளைக்கும் நரம்புத் தளர்ச்சி. உண்மையான நரம்புக்கு நோய் வரும்போது அதைச் சொல்லச் சொல் மிச்சமில்லை. "வாத்தியார்மார் ஸ்கூல்ல 'வன்கூட்டுத் தசை' எண்டு படிச்சுக் குடுக்கிற. பிள்ளைகள் பாடமாக்கி எழுதி மார்க்ஸ் எடுக்கிற. ஸ்கூல் கேட்டத் தாண்டினா திரும்ப நரம்பு!" என்பார் றலியா.

தசை என்ன செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். ஒரு கையின் விரல்களை மற்றக் கையின் விரல்களுக்கு எதிரே நீட்டுவார். பிறகு இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று மெல்ல வழுக்கி நுழைய விடுவார்.

"இது தான் எல்லாம். கயித்துக்குள்ள புரி, புரிக்குள்ள தும்பு, தும்புக்குள்ளயும் தும்பு. கடைசித் தும்புக்குள்ள இந்த மாதிரி ரெண்டு சாதி இழை. ஒண்டுக்குள்ள ஒண்டு வழுக்கிப் போற. பாருங்க, விரல் குட்டையாகினா? இல்ல. ஆனா கை ரெண்டும் கிட்ட வந்திட்டு. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியா. அதனால ஒவ்வொண்டுக்கும் எதிர்ப்பக்கம் இன்னொண்டு ஈக்கி. ஒண்டு இழுத்தா மத்தது விட்டுக் குடுக்கோணும். எல்லாரும் இழுத்தா கை நடுவுல நிக்கும்."

இந்தக் கடைசி வசனம் அவருடைய கணவர் ரஸீனைப் பற்றியது என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. ரஸீனுக்குக் கெலிஓயாவில் இரும்புக் கடை. ஒருநாள் கடை பூட்டி வந்து, "இண்டைக்கு யாவாரமே இல்ல, சும்மா தான் நிண்ட. பேந்து ஏன் கால் இப்படி வலிக்கிற?" என்று கேட்டிருக்கிறார். தேத்தண்ணி வைக்கப் போன றலியா திரும்பி வந்தார்.

"சும்மா நிக்க ஆருக்கு ஏலும்? கெண்டைக்கால், தொடை, முதுகு, கழுத்து, இவ்வளவும் இழுத்துப் புடிச்சிக்கொண்டு நிண்டாத்தான் நீங்க விழாம நிக்கிற. கால்ல இறங்கின ரத்தத்த மேல அனுப்புறதும் அந்தக் கெண்டைக்கால் தான். ஒண்டும் செய்யாம இருந்த எண்டு செல்லாதீங்க. அவ்வளவு வேலையையும் செஞ்ச, செஞ்சது தெரியா. அவ்வளவு தான்."

ரஸீன் அன்று முதல் வீட்டில் சும்மா என்ற சொல்லைப் பாவிப்பதில்லை. சாச்சா மௌத்தான வீட்டில், இறந்தவரின் கை மடங்க மாட்டேன் என்கிறதே என்று குளிப்பாட்டியவர்கள் வெளியே வந்து சொன்னபோதும் அவர் மனைவியைப் பார்த்தார், வேண்டாம் என்று. பயனில்லை. "இழுக்கிறதுக்கு மட்டும் இல்ல, விடுறதுக்கும் சக்தி வேணும்" என்று றலியா விளக்கத் தொடங்கியிருந்தார்.

இராஜேஸ்வரி வந்தது பாரூக் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த அதே காலையில்தான். பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றார். பின்னால் சுரேஸ். தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர், இஸ்திரி போட்ட சேர்ட், கையில் குடை. ஆள் நொண்டவில்லை, இருமவில்லை. ஏன் வந்தார் என்பது அவர் வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"மிஸ், இந்தம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம் டாக்டரே சொல்லிட்டாரு. எக்சைஸ் மட்டும் காட்டிக் குடுத்தீங்கன்னா கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"டொக்டர் என்ன செல்லின?"

"நரம்புல ஒண்ணும் இல்லன்னு."

றலியா இராஜேஸ்வரியைப் பார்த்தார். "தங்கச்சி, என்ன நடந்த?"

மழைக்கு மலை வழுக்கியிருக்கிறது. தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் கால் தவறிப்போக, இராஜேஸ்வரி வலது கையால் ஒரு தேயிலைச் செடியை எட்டிப் பிடித்திருக்கிறார். உடம்பு கீழே. முதுகில் நிறைந்த கூடை. "தோள்ல டப்புன்னு ஒரு சத்தம் மிஸ். நரம்பு அந்துருச்சு. அன்னையில இருந்து கை எழும்ப மாட்டேங்குது."

"நரம்பு இல்ல" என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"பேரு என்னாவா இருந்தா என்னா மிஸ்," என்றார் இராஜேஸ்வரி. "எழும்ப மாட்டேங்குதே."

றலியா மேற்கொண்டு பெயரைப் பற்றிப் பேசவில்லை.

கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னார். கை எழவில்லை, உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்து ஓர் ஆட்டு ஆட்டியதும் கை தானாக விலகிக் கொஞ்ச தூரம் வந்தது. அங்கிருந்து வலியோடு எழும்பியது. மலையிலும் இப்படித்தான் சாய்ந்து சாய்ந்து ஆட்டிக் கையைச் செடிக்கு மேலே கொண்டுபோகிறார். கங்காணி, கரகம் ஆடுறியா என்று கேட்டிருக்கிறார். கூட நின்ற பெண்கள் சிரித்திருக்கிறார்கள். பின்னேரம் கொழுந்து குறைந்ததற்கு அரைப் பேர். அதாவது முழு நாள் நின்றதற்குப் பாதி நாள் என்று பதிவு. இப்படியே போனால் பேரையே வெட்டிவிடுவோம் என்று சொல்லியாயிற்று.

"வேணும்ன்னு பண்றது மிஸ்," என்றார் சுரேஸ். குரலில் கோபம்கூட இல்லை; தெரிந்த விஷயத்தைச் சொல்கிற அலுப்பு. "போன வெள்ளிக்கிழமை கோயில்ல நானே பாத்தேன். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி அம்மனக் கும்புட்டுச்சு. சாமிக்கு எழும்புற கை கொழுந்துக்கு எழும்பாதோ? அந்துபோன நரம்பு வெள்ளிக்கிழமை மட்டும் ஒட்டிக்குதோ?"

இராஜேஸ்வரி நிலத்தைப் பார்த்தார். "கும்புட்டேந்தான்," என்றார். "எப்பிடி எழும்புச்சுன்னு எனக்கே தெரியல. அம்மா தான் தூக்கிவிட்டான்னு நெனச்சேன்."

பொய்க்காரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி சுரேஸுக்கு வேண்டியிருக்கவில்லை. குடையைக் கை மாற்றிக்கொண்டார். றலியாவின் முகம் சிவந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்திருந்த பாரூக், போகாமல் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தங்கச்சி, கோயில்ல எப்படிக் கும்பிட்ட? அதே மாதிரி ஒருக்கா கும்பிடுங்க."

இராஜேஸ்வரி தயங்கினார். முன்னால் முக்காடு போட்ட மிஸ், சுவரில் தோலில்லாத மனிதன். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். நெஞ்சுக்கு நேரே இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்தன. சேர்ந்த கைகள் மெல்ல மெல்ல எழுந்து நெற்றியைத் தாண்டித் தலைக்கு மேலே போயின.

"பாத்தீங்களா மிஸ்! நான் சொல்லல?"

"வாய மூடிக்கொண்டு பாருங்க. தங்கச்சி, இப்ப இடது கைய மட்டும் எடுங்க. வலது கைய மெதுவா பக்கத்தால கீழ கொண்டு வாங்க."

இடது கை விலகியது. வலது கை தனியே மேலே நின்று நடுங்கியது. இறங்கத் தொடங்கியது. தோள் மட்டத்துக்கு வந்ததும் அறுத்துவிட்டது போல விழுந்து, ஈரத் துணியாகத் தொடையில் அடித்தது. இராஜேஸ்வரி உதட்டைக் கடித்தார்.

"சும்மா கைய கீழ போடுது மிஸ்," என்றார் சுரேஸ்.

பாரூக் கண்ணை மூடிக்கொண்டார். றலியா சுரேஸிடம் போய், குடையை வாங்கி மூலையில் சாத்தினார்.

"உங்கட வலது கையத் தொங்கப் போடுங்க. அதுல ஒரு வேலையும் செய்ய வேணாம். இப்ப இடது உள்ளங்கைய அதோட சேருங்க. கும்பிடுங்க."

"எதுக்கு மிஸ்..."

"கும்பிடுங்க!"

சுரேஸ் கும்பிட்டார். கைகள் தலைக்கு மேலே போயின.

"எந்தக் கை தூக்கின?"

சுரேஸ் அண்ணாந்து கைகளைப் பார்த்தார். "இடது, மிஸ்."

"அப்ப கோயில்ல அவங்களுக்கு எந்தக் கை தூக்கின?"

சுரேஸ் கையை இறக்கிக்கொண்டார். இராஜேஸ்வரி தன்னுடைய இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

றலியா சுவருக்கு ஓடினார். மாமாவின் முதுகுப் பக்கமும் அதே தாளில் உண்டு. தோள்பட்டை எலும்பின் மேல் பள்ளத்தில் படுத்திருக்கும் ஒரு சிறு தசையைச் சுட்டினார். "கைய உடம்ப விட்டு விலக்கித் தொடங்கிக் குடுக்கிறது இவர். பேந்து தூக்கிக்கொண்டு போறது மேல மூடிக்கொண்டு ஈக்கிற இந்தப் பெரிய ஆள். பெரிய ஆள் நல்லா ஈக்கி. தொடங்கிக் குடுக்கிறவர் கிழிஞ்சிட்டார். அதால தான் இவங்க சாய்ஞ்சு ஆட்டித் தொடங்கிற. இன்னும் முழுசா அறல்ல எண்டு நினைக்கிறேன். நீங்க இப்படியே கூடையப் போட்டு மலைக்கு அனுப்பினா மிச்சமும் அந்து போகும். பேந்து இந்தக் கையால தலை சீவவும் ஏலா. இது நடிப்பா? செல்லுங்க, இது நடிப்பா?"

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம் மிஸ்," என்றார் சுரேஸ். "ஆனா பெரிய டாக்டர் சொன்னத தான் நான் தொரைக்கிட்ட சொல்லியிருக்கேன்."

பெரிய டொக்டர் எனப்பட்ட சஞ்சயன் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த இளைஞர். கன்டீன் வாசலில் பணிஸைக் கடித்துக்கொண்டிருந்தார். றலியா முன்னால் வர, இராஜேஸ்வரி நடுவில் வர, சுரேஸ் பின்னால் வர, அந்த ஊர்வலத்தைப் பார்த்ததும் பணிஸைத் தாளில் சுற்றினார்.

"டொக்டர், இவங்களுக்கு ஒண்டும் இல்ல எண்டு செல்லினீங்களா?"

"இல்லை அக்கா! நான் அப்பிடிச் சொல்லேல்லை. நரம்பு அறுந்திட்டுது எண்டு அவ சொன்னவ. நான் நரம்பைப் பாத்தன். ஊசியாலை குத்திப் பாத்தன், சுத்தியலாலை தட்டிப் பாத்தன். நரம்பிலை ஒண்டும் இல்லை, பயப்பிடாதேங்கோ எண்டு சொன்னன். எதுக்கும் உங்களிட்டைக் காட்டச் சொல்லித்தானே அனுப்பினனான்?"

"அவங்கட ஊர்ல இதுக்கும் பேர் நரம்பு!" றலியா இராஜேஸ்வரியின் தோளைத் தொட்டுக் காட்டினார்.

சஞ்சயன் அந்தத் தோளைப் பார்த்தார். "எங்கடை ஊரிலையும் தான் அக்கா," என்றார் மெதுவாக. "அம்மம்மா காலைத் தடவிப்போட்டு நரம்பு எண்டுதான் சொல்லுவா. படிச்சதாலை மறந்து போனன்."

நடந்தது இவ்வளவுதான். ஒருவர் தமிழில் சொன்னார், ஒருவர் தமிழில் கேட்டார், ஒருவர் தமிழில் கொண்டுபோனார். வழியில் 'நரம்பில்' என்ற சொல் எங்கோ விழுந்துவிட, 'ஒன்றும் இல்லை' மட்டும் பன்வில போய்ச் சேர்ந்தது. பெண் பொய் சொல்கிறாள் என்று நம்ப எல்லாரும் அங்கே தயாராக இருந்தார்கள். மொழிக் குழப்பத்தை விட்டுவிட்டாலும் இந்தத் தயார்நிலையை றலியாவால் மன்னிக்க முடியவில்லை. ஓர் ஆணின் கை விழுந்திருந்தால் சுரேஸ் கோயிலில் போய்ப் பார்த்திருப்பாரா என்று கன்டீன் வாசலிலேயே சத்தமாகக் கேட்டார். தேத்தண்ணி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுரேஸ், தன் குடை எங்கே என்று தேடினார்.

சஞ்சயன் தோளை ஸ்கேன் செய்ய நாள் எடுத்துக் கொடுத்தார். கூடையும் வேண்டாம், கொழுந்தும் வேண்டாம், லைட் வேலை மட்டும் என்று தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்தார். றலியா கட்டுத்துணியால் இராஜேஸ்வரியின் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே, இழுக்கிற வேலை, தூக்குகிற வேலை எதுவும் கூடாது என்று சுரேஸிடம் சொன்னார். திரும்பவும் சொன்னார்.

"லைட் வேலை தானே மிஸ். நான் பாத்துக்கிறேன். நாங்களும் மனுசங்க தான்."

போகும்போது இராஜேஸ்வரி வாசலில் நின்றார். இடது கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே உயர்த்தி, அரைக் கும்பிடாகப் போட்டார்.

மறுநாள் புதன்கிழமை. காலையிலேயே மழை. கெலிஓயாவிலிருந்து வந்த பஸ் பேராதனையில் நெடுநேரம் நின்றது. றலியா வந்து அலுமாரியைத் திறந்து, மணல் பைகளை எடுத்து அடுக்கினார். பாரூக் வந்து கட்டிலில் படுத்தார். தசை நரம்பு கொஞ்சம் பரவாயில்லை என்றார். பத்து மணிக்குப் பிறகு சுரேஸ் ஃபோனில் கோல் எடுத்தார்.

"மிஸ், வேலை மாத்தியாச்சு. இனி நீங்க ஏச முடியாது. மலைக்குப் போகத் தேவையில்ல. கூடை இல்ல, மழை இல்ல. பிள்ளை மடுவத்துல போட்டாச்சு."

"அங்க என்ன வேலை?"

"சும்மா மிஸ். வேலைக்குப் போறவங்க விட்டுட்டுப் போற கைக்குழந்தைங்க தான். தூக்கி வெச்சிக்கிறது, தொட்டில்ல போடுறது, எடுக்கிறது. அவ்வளவு தான். எல்லாம் லைட்டு. காலையில இருந்து தூக்கிக்கிட்டு தான் இருக்கு. கட்டு எடைஞ்சலா இருக்குன்னு கழட்டி வெச்சிருச்சு."

றலியா கோலைத் துண்டித்தார். ஃபோனை மேசையில் வைத்தார். பாரூக்கின் தோளை முடித்துக் கொடுத்தார். வரிசையில் இருந்த மற்றவர்களையும் பார்த்து முடித்தார். மத்தியானத்துக்குப் பிறகு அரை நாள் லீவு சொன்னார். கதிரையை இழுத்துச் சுவரோடு போட்டு ஏறி, படத்தின் நான்கு மூலையிலும் இருந்த ஆணிகளைப் பிடுங்கினார். படத்தைச் சுருட்டி, கட்டுத்துணியால் இரண்டு இடத்தில் கட்டினார்.

மழை விடட்டும் என்று வாசலில் நின்ற பாரூக் கேட்டார்: "மாமாவ எங்க மிஸ் கொண்டு போற?"

"பன்விலைக்கு. பிள்ளைய எந்தத் தசை தூக்குற எண்டு காட்டோணும்."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்து, மறு கையால் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார்.